மார்ச் மாதத்தில் மூடப்பட்ட அலுவலகங்கள்

பணி ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகியும், மார்ச் மாதம் பிறந்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்கும். செலவாகாத மானியத்தை, அதாவது அந்த ஆண்டுக்கு ஒதுக்கிய பணத்தில் மிஞ்சியதை, கணக்கெடுத்து சரண்டர் செய்ய வேண்டும்; அரசுக்கே திருப்பி ஒப்படைக்க வேண்டும். நிலுவைப் பட்டியல்களைக் கருவூலத்தில் சேர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தற்காலிகப் பணியிடங்களுக்கான நீட்டிப்பு ஆணை வந்துவிட்டதா என்று தலைமையகத்துக்கு நாளைக்கு நான்கு முறை தொலைபேசியில் கேட்க வேண்டும். அரசு வேலைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் விளங்காது. ஒரு குறிப்பிட்ட வேலைக்காக உருவாக்கப்படும் பணியிடத்துக்கு ஆயுள் ஓர் ஆண்டுதான். அந்த வேலை இன்னும் மீதமிருக்கிறது என்று ஆண்டுதோறும் எழுதிக் கேட்டு, நிதித்துறை ஒப்புக்கொண்டு, அரசாணை வந்தால்தான் ஏப்ரல் மாதச் சம்பளப் பட்டியலைக் கருவூலம் ஏற்கும்.

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு, கடலோர மாவட்டம் ஒன்றில் மறுவாழ்வுப் பணிக்கென அமைக்கப்பட்ட தற்காலிகப் பிரிவில் நான் கணக்கராக இருந்தேன். மூன்றாம் ஆண்டில் நீட்டிப்பு ஆணை வரவில்லை. எங்கள் கோப்பு மேலே போன இடத்தில், "பேரிடர் நிகழ்ந்து இரண்டாண்டுகளுக்கு மேலாகிவிட்ட நிலையில் இப்பிரிவின் தேவை யாது?" என்று யாரோ ஓரத்தில் எழுதியிருந்தார்கள். எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் எங்கள் மேசைகளில் இருந்த கோப்புகளில் பாதிக்கு மேல் இரண்டாம் ஆண்டின் முடிவில் வந்தவை. வீடு கட்டி முடித்த பிறகுதான் யார் பெயரில் ஒதுக்குவது என்ற தகராறு தொடங்குகிறது. படகு கொடுத்த பிறகுதான் அதில் பங்கு யாருக்கு என்ற மனு வருகிறது. பதினோரு பேரும் நான்கு மாதம் சம்பளமில்லாமல் அந்த மனுக்களை வாங்கிப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

ஓய்வுக்குப் பிறகு நான் விளையாட்டாகப் படிக்கத் தொடங்கியது பிற நாடுகளின் பழைய வரவு செலவுக் கதைகளை. என் மனைவிக்கு இது ஒரு வியாதியாகவே படுகிறது. அந்தப் படிப்பில்தான் 1919 மார்ச் மாதத்து வாஷிங்டனைக் கண்டேன். கண்டவுடன் அந்தப் பதினோரு மேசைகள் நினைவுக்கு வந்தன.

முதல் உலகப் போரில் அமெரிக்கா 1917 ஏப்ரலில் இறங்கியது. அதற்கு முன் அந்த நாட்டில் மத்திய அரசின் வேலைவாய்ப்பு அலுவலகம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. குடியேற்றப் பணியகத்தின் ஒரு மூலையில், கப்பலில் வந்திறங்கும் குடியேறிகளைப் பண்ணை வேலைக்கு அனுப்பும் சிறு பிரிவு ஒன்று இருந்தது. போர் வந்ததும் கதை மாறியது. ஏறத்தாழ 40 லட்சம் பேர் படையில் சேர்க்கப்பட்டார்கள். ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வருவது நின்றது. கப்பல் கட்டும் துறைகளும் வெடிமருந்து ஆலைகளும் ஒன்றின் கூலியாட்களை மற்றொன்று கூடுதல் கூலி காட்டி இழுத்துக்கொண்டிருந்தன. கிழக்குக் கடற்கரையில் இன்று சேர்ந்தவன் அடுத்த வாரம் வேறு ஊரில் இருந்தான். இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்த, 1918 ஜனவரியில் அதிபர் உட்ரோ வில்சன் போர்க்காலத் தொழிலாளர் நிர்வாகம் முழுவதையும் தொழிலாளர் துறைச் செயலர் வில்லியம் வில்சனிடம் ஒப்படைத்தார். இருவருக்கும் உறவு கிடையாது. அதிபர் பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர். செயலர் ஸ்காட்லாந்தில் பிறந்து, பென்சில்வேனியாவில் ஒன்பது வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கி, தொழிற்சங்கத்தின் வழியாக மேலே வந்தவர்.

அந்த ஓராண்டில் முளைத்த அமைப்புகளை எண்ணினால் தலை சுற்றும். ஆலைத் தகராறுகளைத் தீர்க்க ஏப்ரலில் தேசியப் போர்த் தொழிலாளர் வாரியம் வந்தது. அதன் இணைத் தலைவர்களில் ஒருவர் முன்னாள் அதிபர் டாஃப்ட். தொழிலாளர் துறையை உருவாக்கும் சட்டத்தில் 1913 மார்ச் 4 அன்று, தம் பதவிக்காலத்தின் கடைசி நாளில், மனமில்லாமல் கையெழுத்திட்டவர் அவரேதான். கூலி, வேலை நேரம் ஆகியவற்றில் அரசுத் துறைகளுக்குள் ஒரே கொள்கை வேண்டும் என்பதற்காக இன்னொரு வாரியம் அமைந்தது; அதற்குத் தலைவர் பிற்காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ஃபெலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டர். ஆலைகளுக்குள் வந்த பெண்களுக்கென ஒரு பிரிவு, கறுப்பினத் தொழிலாளர்களுக்கென ஒரு பிரிவு, தொழிலாளர் குடியிருப்புகளைக் கட்ட ஒரு கழகம். இவற்றில் என் கவனத்தை இழுத்தது அமெரிக்க வேலைவாய்ப்புச் சேவை என்ற அமைப்பு. 1918 ஆகஸ்ட் முதல், போர்த் தொழில்களுக்குத் திறன் சாராக் கூலியாட்களைப் பெரிய அளவில் சேர்ப்பது அதன் வழியாக மட்டுமே நடக்க வேண்டும் என்றானது. சில மாதங்களில் நாடெங்கும் எண்ணூறை ஒட்டிய அலுவலகங்கள் திறக்கப்பட்டன.

பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கணக்கனின் முதல் கேள்வி. தொடக்கத்தில் அது அதிபரின் சட்டைப் பையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். போர் அறிவித்த கையோடு அமெரிக்கக் காங்கிரஸ், தேசப் பாதுகாப்புக்காக அதிபர் தம் விருப்பப்படி செலவிட 10 கோடி டாலரை ஒதுக்கியிருந்தது. வேலைவாய்ப்புச் சேவைக்கான முதல் பெரிய தொகை அதிலிருந்து பிரித்துக் கொடுக்கப்பட்டது. பிறகு 1919 ஜூன் 30 அன்று முடியும் நிதியாண்டுக்குக் காங்கிரஸ் 55 லட்சம் டாலரை ஒதுக்கியது. இது பெரிய தொகையா என்று கேட்டால், அமெரிக்கப் படைத்துறையின் சொந்தப் புள்ளிவிவரப்படி அந்தப் போருக்கு அந்த நாடு இரண்டாண்டுகளுக்கு மேல் மணிக்குப் பத்து லட்சம் டாலருக்கு அதிகமாகச் செலவிட்டது. ஆக, நாடு முழுவதற்குமான வேலைவாய்ப்பு நிர்வாகத்தின் ஓராண்டுச் செலவு, போரின் ஐந்தரை மணி நேரச் செலவைவிடக் குறைவு. நான் இந்த வகுத்தலை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

1918 நவம்பர் 11 காலை பதினொரு மணிக்குத் துப்பாக்கிகள் ஓய்ந்தன. படைத்துறை உடனடியாக ஆயுத ஒப்பந்தங்களை ரத்து செய்யத் தொடங்கியது. ஒப்பந்தம் ரத்தானால் ஆலை வாசலில் ஆள்குறைப்புப் பட்டியல் தொங்கும். அதே வாரங்களில் உள்நாட்டு முகாம்களிலிருந்து வீரர்கள் விடுவிக்கப்பட்டார்கள். எந்தத் தொழிலுக்கு ஆள் தேவை என்று பார்த்து அதற்கேற்ப விடுவிக்கலாம் என்ற யோசனையைப் படைத் தலைமை ஏற்கவில்லை; பிரிவு பிரிவாகக் கலைப்பதே எளிது என்று முடிவு செய்தது. கையில் 60 டாலர் வெகுமானம், உடுத்தியிருந்த சீருடை, வீட்டுக்குப் போகப் பயணப்படி, அவ்வளவுதான். 1919 ஜூன் முடிவதற்குள் 25 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வெளியே வந்தார்கள். வேலைவாய்ப்புச் சேவையின் முன் இப்போது வரிசையில் நின்றவர்கள் வேறு. முன்பு ஆலை அதிபர் ஆள் கேட்டு நின்றார். இப்போது ஆள் வேலை கேட்டு நின்றான். சேவை ஊருக்கு ஊர் வீரர்களுக்கெனத் தனி முகப்புகளைத் திறந்தது. வேலைப்பளு ஏறியது, 55 லட்சம் டாலர் ஜூன் வரை தாங்காது என்பது குளிர்காலத்திலேயே தெரிந்துவிட்டது.

நம் ஊரில் இதற்குத் துணை மானியக் கோரிக்கை என்று பெயர். அங்கே பற்றாக்குறை ஒதுக்கீட்டு மசோதா என்பார்கள். 1919 மார்ச் தொடக்கத்தில் அந்த மசோதா செனட்டின் முன் இருந்தது. வேலைவாய்ப்புச் சேவைக்கான கூடுதல் தொகையும் அதற்குள் இருந்தது. மார்ச் 4 நண்பகலோடு அந்தக் காங்கிரஸின் ஆயுள் முடிகிறது. அதற்குள் நிறைவேறாத மசோதா செத்ததாகவே கணக்கு.

இனி நடந்ததை நான் வரைபடத்தை வைத்துக்கொண்டு படித்தேன். மார்ச் 3 அன்று வெள்ளை மாளிகையில் மாநில ஆளுநர்களும் நகர மேயர்களும் கூடியிருந்தார்கள். போரிலிருந்து அமைதிக்குத் திரும்பும்போது வேலையில்லாதவர்களை என்ன செய்வது என்பதே அந்த மாநாட்டின் பொருள். பாரிஸ் சமாதான மாநாட்டிலிருந்து சில நாட்களுக்காக ஊர் வந்திருந்த அதிபர் அவர்களிடம் பேசினார். செயலர் வில்சன் உடனிருந்தார். அங்கிருந்து இரண்டரை கிலோமீட்டர் தூரத்தில், அதே நேரத்தில், செனட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நவம்பர்த் தேர்தலில் வென்றிருந்த குடியரசுக் கட்சியினர், அதிபர் பாரிசுக்குத் திரும்பிப் போவதற்கு முன் புதிய காங்கிரஸைச் சிறப்புக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும் என்று விரும்பினார்கள். அவர் இல்லாத நேரத்தில் அவரைக் கேள்வி கேட்கத் தங்களுக்கு ஒரு மேடை வேண்டும் என்பது நோக்கம். அவரை வழிக்குக் கொண்டுவர ஒரே வழி பணத்தை நிறுத்துவது. விஸ்கான்சினின் லா ஃபாலட், இல்லினாயின் ஷெர்மன், மேரிலாந்தின் ஃபிரான்ஸ் ஆகிய மூன்று செனட்டர்களும் மாறி மாறி எழுந்து பேசினார்கள். பேசிப் பேசியே கடிகாரத்தைக் கரைத்தார்கள். மார்ச் 4 நண்பகல் மணி அடித்தபோது ரயில்வேக்கான 75 கோடி டாலர் உட்படப் பல மசோதாக்கள் மேசையிலேயே கிடந்தன. பற்றாக்குறை மசோதாவும் அவற்றோடு போனது. தொழிலாளர் துறைக்கு அன்று ஆறாவது பிறந்த நாள் என்பதை யாராவது கவனித்திருப்பார்களா என்று தெரியவில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகங்களை மூடலாமா என்று அந்த அவையில் அன்று யாரும் வாக்கெடுக்கவில்லை என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. லா ஃபாலட் தொழிலாளர் நலனில் அக்கறை கொண்டவர் என்றே பெயர் வாங்கியவர். அவருக்கும் மற்ற இருவருக்கும் குறி வேறு எங்கோ இருந்தது. சண்டை ஒரு தெருவில், சேதம் மற்றொரு தெருவில். மார்ச் 22 அன்று சேவை தன் அலுவலகங்களைச் சுருக்கியது. அப்போது இருந்த சுமார் 750 அலுவலகங்களில் மத்திய அரசின் செலவில் மிஞ்சியவை 56. பிரான்சிலிருந்து கப்பல் கப்பலாக வீரர்கள் வந்திறங்கிக்கொண்டிருந்த மாதங்கள் அவை.

அலுவலகங்கள் அனைத்தும் அன்றே பூட்டப்பட்டுவிடவில்லை. மாநிலங்களும் நகராட்சிகளும் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற தன்னார்வ அமைப்புகளும் வாடகையையும் சம்பளத்தையும் ஏற்றுக்கொண்டு நானூறுக்கும் மேற்பட்டவற்றைத் திறந்து வைத்திருந்தன. படைத்துறைச் செயலர் தம் பங்குக்கு, நியூயார்க்கின் முன்னாள் காவல்துறை ஆணையர் ஆர்தர் உட்ஸை அழைத்து வீரர்களுக்கு வேலை தேடும் பொறுப்பைக் கொடுத்தார். ஒரு துறையின் கணக்கில் பணமில்லை என்றால் அதே வேலையை இன்னொரு துறை செய்வது எல்லா அரசுகளிலும் உள்ளதுதான். ஆனால் இப்படிக் கடன் வாங்கிய கூரையின் கீழ் ஒரு நிர்வாகம் நீண்ட நாள் இருக்க முடியாது. சிறப்புக் கூட்டம் ஒருவழியாக மே 19 அன்று கூடியது. அடுத்த நிதியாண்டுக்குக் கிடைத்த ஒதுக்கீடு 4 லட்சம் டாலர், அதாவது முந்தையதில் ஏறத்தாழப் பதினான்கில் ஒரு பங்கு. 1919 அக்டோபரில் களத்தில் எஞ்சியிருந்த அலுவலகங்கள் மாநிலங்களிடம் விடப்பட்டன. அதன் பிறகு பத்தாண்டுகளுக்கு மேல் மத்திய அரசு அளித்த உதவியில் முக்கியமானது, கட்டணமில்லாமல் அரசு அஞ்சல் அனுப்பும் உரிமை.

விபத்தாக வந்த வெட்டை இந்த மே மாதக் காங்கிரஸ் தெரிந்தே உறுதி செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். எதிர்த்தவர்களிடம் காரணங்கள் இருந்தன. இது போர்க்கால ஏற்பாடு, போர் முடிந்துவிட்டது என்பது முதல் காரணம். வேலை தேடித் தருவது மாநிலங்களின் பாடு என்பது இரண்டாவது. ஆலை அதிபர்களின் சங்கங்கள் இந்தச் சேவையைத் தொழிற்சங்கத்தின் கிளையாகவே பார்த்தன. தெற்கு மாநிலங்களின் பண்ணை முதலாளிகளுக்கோ வேறு கோபம்: தங்கள் வயலில் அரைக்கூலிக்குக் கிடந்த கறுப்பினத் தொழிலாளியை அரசே வடக்குக்கு அனுப்பி வைப்பதா? கறுப்பினத் தொழிலாளர்களுக்கான பிரிவை நடத்திய ஜார்ஜ் ஹேன்ஸ் சந்தித்த எதிர்ப்பு இந்த மண்ணிலிருந்து எழுந்தது. ஃபுளோரிடாவில் ஆளுநரின் எதிர்ப்பால் அந்த வேலையே நிறுத்தப்பட்டது. வரவு செலவுக் கூட்டத்தில் இவற்றையெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. "போர் முடிந்துவிட்டது" என்ற ஒரு வாக்கியம் எல்லோருக்கும் போதுமான குடையாக இருந்தது.

போர் உண்மையில் எப்போது முடிந்தது? இங்கே சட்டம் ஒரு வேடிக்கை காட்டுகிறது. போர்க்கால மதுவிலக்குச் சட்டம் என்று ஒன்றை அமெரிக்கா இயற்றியது. தானியத்தையும் ஆள் பலத்தையும் போருக்காகச் சேமிப்பது அதன் நோக்கம். அது கையெழுத்தானது 1918 நவம்பர் 21 அன்று, துப்பாக்கிகள் ஓய்ந்து பத்து நாள் கழித்து. நடைமுறைக்கு வந்தது 1919 ஜூன் 30 அன்று. சாராய ஆலைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். சமாதான உடன்படிக்கை இன்னும் நிறைவேறவில்லை, படைக் கலைப்பும் முழுமையடையவில்லை, ஆகவே சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஜெர்மனியுடனான போர் முடிந்ததாகக் காங்கிரஸ் முறைப்படி தீர்மானம் நிறைவேற்றியது 1921 ஜூலையில். மதுக்கடையை மூடுவதற்குப் போர் 1919 டிசம்பரிலும் நீடித்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தை மூடுவதற்கு அது மார்ச் மாதத்திலேயே முடிந்துவிட்டது. தணிக்கையில் இப்படி ஒரே செலவை இரண்டு தேதிகளில் காட்டியிருந்தால் நான் ஆட்சேபணை எழுதியிருப்பேன்.

குடியிருப்புக் கழகத்தின் கதை இதைவிடக் கண்ணுக்குத் தெரியும் கதை, ஏனென்றால் செங்கல் மிஞ்சுகிறது. போர்த் தொழிலாளர் வீடுகளுக்காகக் காங்கிரஸ் 10 கோடி டாலர் வரை ஒதுக்கியிருந்தது. 1918 கோடையில்தான் வேலை சூடு பிடித்தது. நகரமைப்புப் பிரிவுக்குத் தலைவர், பூங்கா வடிவமைப்பில் பெயர் பெற்ற தந்தையின் வழியில் வந்த இளைய ஓம்ஸ்டெட். தெருவை வளைத்து மரங்களை நட்டு, சிறு பூங்காவும் கடைத்தெருவும் வைத்துத் திட்டமிட்டார்கள். வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மத்தில் கடற்படைத் தளத் தொழிலாளர்களுக்காக இரண்டு குடியிருப்புகள் எழுந்தன: வெள்ளையர்களுக்கு கிராடக், கறுப்பினத்தவர்களுக்கு டிரக்ஸ்டன். இனப்பிரிவினை மாறவில்லை என்றாலும், கறுப்பினத் தொழிலாளிக்கு மத்திய அரசு குளியலறையும் மின்விளக்கும் உள்ள வீட்டைக் கட்டிக் கொடுத்தது அன்று புதுமை. போர் நின்றதும் கழகம் அடித்தளம் போட்டவை, சுவர் எழும்பியவை, கூரை போட்டவை என்று தரம் பிரித்து, பெரும்பாலானவற்றைக் கைவிட்டது. சுமார் 6000 குடும்பங்களுக்கான வீடுகளே முடிந்தன. பிறகு காங்கிரஸ் அவற்றை விற்கச் சொன்னது. வாடகை வசூலிக்க, ஏலம் விட, தவணையைக் கணக்கெழுத என்று கழகத்தின் அலுவலகம் மட்டும் பல ஆண்டுகள் ஓடியது. வீடு கட்டும் செலவு நின்ற பிறகும் வீட்டை விற்கும் நிர்வாகச் செலவு ஓடிக்கொண்டிருப்பது எனக்குப் பழகிய காட்சி. கிராடக்கும் டிரக்ஸ்டனும் இன்றும் மக்கள் வாழும் பகுதிகள்.

அந்தப் போர்க்கால வரிசையில் நிரந்தரமாகப் பிழைத்தது பெண்களுக்கான பிரிவு. மேரி வான் கிளீக் தலைமையில் 40 ஆயிரம் டாலரில் தொடங்கிய மிகச் சிறிய அமைப்பு அது. 1920 ஜூன் மாதத்தில் காங்கிரஸ் தனிச் சட்டம் இயற்றி அதைப் பெண்கள் பணியகம் என்ற நிலையான அமைப்பாக மாற்றியது. காலணி ஆலைத் தொழிலாளியாக இருந்த மேரி ஆண்டர்சன் அதன் முதல் இயக்குநரானார். பெரிய அமைப்புகள் ஆண்டு மானியத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது சிறியது சட்டத்தில் கால் ஊன்றிக்கொண்டது. தற்காலிகப் பணியிடத்துக்கும் நிலையான பணியிடத்துக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1919 வசந்த காலத்தில் எல்லோரும் அஞ்சிய அளவுக்கு வேலையின்மை நீடிக்கவில்லை. கோடைக்குள் சந்தை நிமிர்ந்தது. அந்த ஆண்டு ஏறத்தாழ 40 லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்றால், வேலை கிடைக்கும் என்ற தைரியமும் அதற்கு ஒரு காரணம். செலவைக் குறைத்தவர்கள் தங்கள் முடிவு சரியென்றே நினைத்திருப்பார்கள். 1920 இறுதியில் சரிவு வந்தது. 1921 செப்டம்பரில் அதிபர் ஹார்டிங் வேலையின்மை பற்றித் தேசிய மாநாடு ஒன்றைக் கூட்டியபோது, எத்தனை பேருக்கு வேலையில்லை என்பதிலேயே ஒத்த கருத்து இல்லை. எண்ணிச் சொல்லக்கூடிய அலுவலகங்கள் நாடெங்கும் இருந்து, மூடப்பட்டு, இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. 1933 ஜூனில் வாக்னர் - பெய்சர் சட்டத்தின் வழியாக வேலைவாய்ப்புச் சேவையை மீண்டும் அடியிலிருந்து கட்டினார்கள். அப்போது தொழிலாளர்களில் நான்கில் ஒருவர் வேலையின்றி இருந்தார்.

பிரிட்டனின் அனுபவம் வேறு விதம். அங்கே தொழிலாளர் பரிமாற்றகங்கள் என்ற அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1910 முதலே சட்டப்படி இயங்கி வந்தன; ஆகவே போர் நின்றதும் மூடுவதா என்ற கேள்வி எழவில்லை. வேலையற்ற வீரருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் வார உதவித்தொகை அறிவித்தார்கள். ஆணுக்கு 29 ஷில்லிங் வரை போனது. 1919 வசந்தத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அதைக் கொடுத்தது அந்தப் பரிமாற்றகங்களின் முகப்புகள்தான். அவர்கள் தவறு வேறு இடத்தில் நடந்தது: தொழிலுக்கு அவசியமானவர்களை முதலில் விடுவிப்பது என்று திட்டமிட்டார்கள், கடைசியாகப் படையில் சேர்ந்தவர்களிடமே வேலைக் கடிதம் இருந்ததால் அவர்களே முதலில் வீடு திரும்பினார்கள். 1919 ஜனவரியில் ஃபோக்ஸ்டன் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான வீரர்கள் பிரான்சுக்குத் திரும்பக் கப்பலேற மறுத்தார்கள். திட்டத்தை மாற்ற வேண்டியதாயிற்று.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது வாஷிங்டன் பழைய பாடத்தை மறந்துவிடவில்லை, ஆனால் பழைய சண்டையையும் மறக்கவில்லை. 1942 தொடக்கத்தில் மாநிலங்களின் வேலைவாய்ப்பு அலுவலகங்களை மத்திய அரசு எடுத்துக்கொண்டிருந்தது. 1945 செப்டம்பரில் போர்க்கால மனிதவள ஆணையம் கலைக்கப்பட்டு, அலுவலகங்கள் தொழிலாளர் துறைக்கு வந்தன. அந்த ஆண்டு இறுதியில், செலவாகாத போர் ஒதுக்கீடுகளைத் திரும்பப் பெறும் மசோதா ஒன்றைக் காங்கிரஸ் நிறைவேற்றியது. நம் பாஷையில் சொன்னால் மாபெரும் சரண்டர். அதற்குள் ஒரு வாலை ஒட்டியிருந்தார்கள்: நூறு நாளுக்குள் வேலைவாய்ப்பு அலுவலகங்களை மாநிலங்களிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். லட்சக்கணக்கான வீரர்கள் திரும்பும் நேரத்தில் நிர்வாகத்தைத் துண்டு போடுவதா என்று அதிபர் ட்ரூமன் 1945 டிசம்பரில் அந்த முழு மசோதாவையும் ஏற்க மறுத்தார். அவர் வாங்கிய அவகாசம் ஓராண்டுகூட இல்லை. 1946 நவம்பரில் அலுவலகங்கள் மாநிலங்களுக்குப் போயின. ஆனால் படைக்கலைப்பின் உச்ச மாதங்கள் அதற்குள் கடந்திருந்தன.

அதே 1945இல், ஜூலை மாதத்தில், இந்தியாவிலும் ஓர் இயக்ககம் தொடங்கப்பட்டது. மறுகுடியமர்வு மற்றும் வேலைவாய்ப்புக்கான தலைமை இயக்ககம் என்பது அதன் பெயர். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அப்போது அம்பேத்கரிடம் இருந்தது. போரில் இந்தியப் படை 25 லட்சம் பேர் வரை பெருகியிருந்தது. அவர்களையும் தளவாட ஆலைகளில் வேலையிழந்தவர்களையும் குடிமை வாழ்வுக்குக் கொண்டுவருவதற்காகப் பிறந்தவைதான் நாம் இன்றும் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் என்று சொல்லும் இடங்கள். இங்கே மூடவில்லை. பிரிவினை வந்தது, அகதிகள் வந்தார்கள். 1948இல் எல்லோருக்கும் கதவு திறக்கப்பட்டது. சிவ ராவ் குழுவின் பரிந்துரைப்படி 1956 நவம்பர் 1 முதல் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. மொழிவழி மாநிலங்கள் பிறந்த அதே நாள். செலவில் மத்திய அரசு 60 விழுக்காடு, மாநிலம் 40 விழுக்காடு என்று பங்கு பிரித்தார்கள்; 1969 ஏப்ரல் முதல் முழுச் செலவும் மாநிலத்தின் தலையில் வந்தது. போருக்காகத் திறந்த கணக்குத் தலைப்பு இப்படிக் கைமாறிக் கைமாறி அமைதிக்காலத் தலைப்பாகிவிட்டது. பிற்காலத்தில் அந்த அலுவலகங்களால் வேலை வாங்கித் தர முடியாமல் போனது வேறு கதை. என் அட்டையை மூன்றாண்டுக்கு ஒருமுறை என்று நானும் நான்கு தடவை புதுப்பித்தேன். ஒரு நேர்காணல் அழைப்பு கூட வந்ததில்லை. தேர்வெழுதித்தான் வேலைக்குப் போனேன்.

அப்பாவின் அட்டை என்னிடம் இருக்கிறது. அவர் பர்மா எல்லையில் ராணுவ லாரி ஓட்டியவர். 1946இல் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார். அட்டை பழுப்பேறி, மடித்த இடத்தில் விட்டுப்போய், ஒட்டுத்தாள் போட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. தொழில் என்ற இடத்தில் ஓட்டுநர் என்பதற்கான ஆங்கிலச் சொல் பேனாவில். அடுத்து படைப்பிரிவு எண். பதிந்து ஐந்து மாதத்தில் அழைப்பு வந்து, சாலைப் பணித்துறையில் ரோடு ரோலர் லாரிக்கு ஓட்டுநராகச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நாங்கள் ஐந்து பேர் படித்தோம். அட்டையின் பின்பக்கத்தில், பதியப் போன அன்று அவர் பென்சிலில் போட்ட கணக்கு ஒன்று இன்னும் அழியாமல் இருக்கிறது: பஸ் மூன்றணா, காபி ஓரணா, மனு எழுதியவருக்கு இரண்டணா.